நாளை மறுநாள் டிஸ்சார்ஜ்: மூக்கில் டியூபோடு அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போகும் முன்

தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியும். அப்பாவுக்கு 71 வயது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கை, கால் வரவில்லை, பேச்சும் குழறுகிறது. சர்க்கரையும் பிரஷரும் பல வருஷமாக உண்டு. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 13 நாள் ஆகிவிட்டது. மூக்கில் ஆகார டியூபும், யூரின் டியூபும் அப்படியே இருக்க, நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீடு கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். வீட்டில் அம்மாவும் நீங்களும்தான், உங்களுக்கும் 20 நாள்தான் லீவு. "என்னென்ன வாங்கி வைக்க வேண்டும், எங்களால் சமாளிக்க முடியுமா, அப்பா சைகையில் காபி கேட்கிறார், ஒரு வாய் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் ஒன்பது வருஷம் நரம்பியல் வார்டு. டாக்டர் இல்லை. அப்பாவைப் பார்க்கும் டாக்டர் நான் எழுதுவதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

காபி கேள்விக்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட் எங்கும் ஓடிவிடாது. கோவில்பட்டியிலேயே சர்ஜிக்கல் கடை இருக்கிறது. திரும்பக் கிடைக்காதது ஆஸ்பத்திரியில் மிச்சம் இருக்கும் இந்த இரண்டு நாள்தான். இத்தனை நாளும் சிஸ்டர்கள் வந்து டியூபில் கஞ்சி ஊற்றினார்கள், புரட்டிப் போட்டார்கள், பையை மாற்றினார்கள். நீங்கள் ஓரமாக நின்று பார்த்திருப்பீர்கள். பார்த்ததால் தெரிந்துவிட்டது என்று தோன்றும். அப்படிச் சொல்லிப் போனவர்கள் மூன்றாம் நாள் ராத்திரி ஆட்டோவில் திரும்பி வந்ததை நான் எண்ணிக்கை வைக்காத அளவுக்குப் பார்த்துவிட்டேன். அதனால் இன்று மதியத்திலிருந்தே, "சிஸ்டர், இந்த வேளை நான் ஊற்றுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று தப்பிருந்தால் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நீங்கள் இரண்டு வேளை, அம்மா இரண்டு வேளை. அம்மா தயங்குவார்கள், "நீயே பண்ணுப்பா, எனக்குக் கை நடுங்குது" என்பார்கள். விடாதீர்கள். 20 நாள் கழித்துப் பகலில் அப்பாவோடு இருக்கப்போவது அவர்கள்தான். சிஸ்டர் அவசரத்தில் இருந்தால் கொஞ்சம் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. காலை ஷிஃப்டைவிட மதிய ஷிஃப்டில் கேட்டால் நிதானமாகச் சொல்லித் தருவார்கள்.

அந்த ஒரு வேளை எப்படி நடக்க வேண்டும் என்று நான் பழக்கியபடியே சொல்கிறேன். முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் அப்பாவை உட்கார்த்தி வைக்க வேண்டும். படுத்த வாக்கில் ஒரு துளிகூடப் போகக் கூடாது. கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாகத் தூக்கி, சாய்வு நாற்காலியில் இருப்பது போல வைத்து, வலது தோளுக்கு அடியில் ஒரு தலையணை. அடுத்து டியூபைப் பாருங்கள். மூக்கு நுனியில் டியூப் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைக்கச் சொல்லி சிஸ்டரிடம் இன்றே கேளுங்கள். ஒவ்வொரு வேளையும் அந்தக் கோடு மூக்கோடு ஒட்டி இருக்கிறதா என்பதுதான் முதல் பரிசோதனை. கோடு வெளியே வந்திருந்தால் டியூப் நகர்ந்திருக்கிறது, அன்றைக்கு அதில் எதையும் ஊற்றக் கூடாது. வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையில் டியூப் சுருண்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

கோடு சரியாக இருந்தால் 50 மி.லி. சிரிஞ்சை டியூபில் மாட்டி மெதுவாக இழுங்கள். இரைப்பையில் இருப்பது, பச்சையாகவோ பழைய கஞ்சி நிறத்திலோ, கொஞ்சம் வரும். வந்தால் டியூப் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். போன வேளை கொடுத்ததில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தால் செரிக்கவில்லை, அதைத் திரும்ப உள்ளே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அடுத்த முறையும் அப்படியே என்றால் டாக்டருக்கு போன். டியூபின் நுனியைத் தண்ணீரில் வைத்து குமிழி வருகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று சில வீடுகளில் இருக்கிறது. அது நம்பத் தகுந்தது இல்லை, ஆபத்தும்கூட.

இப்போது சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, வெறும் குழலை டியூபில் செருகி, டியூபை விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு கஞ்சியை ஊற்றுங்கள். அப்புறம் மடக்கியதை விட்டால் தானாக இறங்கும். மடக்காமல் ஊற்றினால் காற்றும் கூடவே போய் வயிறு உப்பும். குழலை அப்பாவின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் போதும். வேகமாக இறங்கினால் கையைத் தாழ்த்துங்கள், மெதுவாக இறங்கினால் உயர்த்துங்கள். பிஸ்டனைப் போட்டுத் தள்ளவே கூடாது. 200 மி.லி. இறங்க 10, 15 நிமிஷம் ஆகட்டும். முடிந்ததும் 50 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு டியூபை அலசி மூடிவிடுங்கள். பிறகு ஒரு மணி நேரம் அப்பா அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கஞ்சி கொடுத்த கையோடு டயப்பர் மாற்றப் படுக்க வைப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. மாற்றுவதாக இருந்தால் கொடுப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

நடுவில் இருமினால், மூச்சு இரைத்தால், உதடு நீலம் பாரித்தால் உடனே நிறுத்துங்கள். டியூப் கழன்று வந்துவிட்டால் யாரும் திரும்பச் செருக முயற்சி செய்யக் கூடாது. "நான் கம்பவுண்டர்கிட்ட வேலை பார்த்தவன்" என்று ஒரு சித்தப்பா கிளம்புவார், அவரை உட்காரச் சொல்லுங்கள். மூச்சுக் குழாய்க்குள் போய்விட்டால் அடுத்த வேளைக் கஞ்சி நுரையீரலுக்குத்தான் போகும். டியூப் இல்லாமல் சில மணி நேரம் போவது பெரிய விஷயம் இல்லை. ஆனால் சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ கொடுத்த பிறகு ஆகாரம் போகவில்லை என்றால் சர்க்கரை இறங்கிவிடும், அப்போது தாமதிக்கக் கூடாது.

என்ன கொடுப்பது என்று டயட்டீஷியன் ஒரு சார்ட் தருவார், கேட்டு வாங்குங்கள். எத்தனை வேளை, ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., மொத்தத் தண்ணீர் எவ்வளவு என்று அதில் எண்ணாக இருக்க வேண்டும். "கஞ்சி, ஜூஸ் கொடுங்க" என்று வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு வராதீர்கள். நான் சேர்த்துச் சொல்வது சமையலறைச் சங்கதி மட்டும். கேழ்வரகுக் கஞ்சி அடுப்பில் தண்ணியாக இருக்கும், ஆறினதும் கூழாகி டியூபை அடைத்துக்கொள்ளும். அரிசிக் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும்கூட அப்படித்தான். ஆறிய பிறகு எப்படி இருக்கிறது என்று பார்த்து, வெந்நீர் சேர்த்து, மெல்லிய துணியில் வடிகட்டிய பிறகே சிரிஞ்சுக்கு வர வேண்டும். காலையில் காய்ச்சியதைச் சாயங்காலம் வரை வெளியில் வைக்காதீர்கள். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் கொண்டுவருவார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதை நீங்கள் குடியுங்கள், உங்களுக்கும் தெம்பு வேண்டும்.

சரி, காபிக்கு வருகிறேன். பக்கவாதத்தில் கை, கால் மாதிரியே தொண்டைத் தசையும் பலம் இழந்திருக்கும். நமக்கு வழி மாறிப் போனால் புரை ஏறும், இருமி வெளியே தள்ளிவிடுவோம். அவர்களுக்கு அந்த இருமலே வராமல் போகலாம். காபி நிம்மதியாக உள்ளே போன மாதிரி இருக்கும், அப்பா முகத்தில் ஒரு சந்தோஷம்கூடத் தெரியும், மூன்று நாளில் காய்ச்சலும் சளியுமாக நிமோனியா. அதிலும் கெட்டியானதைவிடத் தண்ணியான பண்டம்தான் ஆபத்து, தண்ணீரும் காபியும் முதல் எதிரிகள். வார்டில் என் கண் முன்னாலேயே ஒரு பெரியம்மா, முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த ஃபிளாஸ்கிலிருந்து தன் வீட்டுக்காரருக்கு ஒரு மடக்கு கொடுத்துவிட்டார். பாசம்தான், திட்ட மனசு வரவில்லை. அவர் அப்புறம் பதினோரு நாள் ஆன்டிபயாடிக்கில் கிடந்தார். உங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களில் ஒருவராவது "ஆசைப்படறாரு, உதட்டை நனைச்சு விடு" என்பார். அறை வாசலில் "வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் சொன்னால் கேட்காதவர்கள் ஒட்டியிருக்கும் காகிதத்துக்குப் பயப்படுவார்கள்.

வாயால் சாப்பிடவில்லை என்பதற்காக வாய் சுத்தம் நிற்கக் கூடாது. காலையும் இரவும் உட்கார்த்தி வைத்து, மென்மையான பிரஷ்ஷாலோ உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியாலோ பல், நாக்கு, கன்னத்து உள்பக்கம் எல்லாம் துடைத்துவிடுங்கள். வாயில் சேரும் அழுக்கு எச்சிலோடு நுரையீரலுக்குப் போனாலும் நிமோனியா வரும்.

மாத்திரை விஷயம்தான் நான் பார்த்தவரை குடும்பங்கள் அதிகம் சறுக்கும் இடம். வீட்டில் அப்பாவின் பழைய மாத்திரை டப்பா இருக்கும் இல்லையா, அதை நாளைக்கே யாரையாவது விட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் மருந்துகளையும் டப்பாவில் இருப்பதையும் டாக்டர் முன்னால் பரப்பி வைத்து, எது தொடரணும், எது நிற்கணும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அட்டையில் பெரிதாக இருக்கும் பெயர் கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்து பத்துப் பெயரில் விற்கிறது. பழைய பெயரில் ஒன்று, ஆஸ்பத்திரி கொடுத்த புதுப் பெயரில் ஒன்று என்று இரண்டையும் போட்டுக்கொண்டு, பிரஷர் தரைமட்டமாகி வந்த ஒரு வாத்தியாரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவருடைய மகளே மாத்திரையை வேளை தவறாமல் எண்ணிக் கொடுத்திருந்தார். நிற்க வேண்டியது எது என்று தெரிந்த பிறகு, அந்த அட்டைகளை வீட்டில் வைக்காதீர்கள்.

அடுத்தது, டியூபில் போகும் மாத்திரையைப் பொடிக்க வேண்டும், ஆனால் எல்லா மாத்திரையும் பொடிக்கிற மாத்திரை இல்லை. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர், சிஆர் என்று ஒட்டியிருந்தால் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியது. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் எஸ்ஆர் இந்த ரகம். வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் பான்டோபிரசோல் வேறு ரகம், இரைப்பை அமிலத்தில் கெடாமல் இருக்க மேலே பூச்சு போட்டது, பொடித்தால் பலன் போய்விடும். டியூப் எடுக்கும் வரை இவற்றுக்கு மாற்று என்ன என்று டாக்டரிடமோ ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடமோ கேட்டு எழுதி வாங்குங்கள். பொடிக்கக் கூடியதை ஒவ்வொன்றாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொடுங்கள். எல்லாவற்றையும் கஞ்சியில் கலந்து விடுவது சுலபம், ஆனால் டியூப் அடைக்கும், மருந்து முழுசாகப் போனதா என்றும் தெரியாது. அடைப்பைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரியானவற்றை ஒரு நாள்கூட நாமாக நிறுத்தக் கூடாது. பல் பிடுங்க வேண்டும், நாட்டு மருந்து ஆரம்பிக்கிறோம் என்று எந்தக் காரணத்துக்கும்.

டிஸ்சார்ஜ் அன்று காலையில், கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி: "இன்றைக்கு எந்தெந்த மருந்து கொடுத்துவிட்டீர்கள், அடுத்த வேளை எப்போது?" காலை மாத்திரை வார்டிலேயே கொடுத்திருப்பார்கள், வீட்டுக்குப் போனதும் இன்னொரு முறை போய்விடும். அல்லது கொடுக்காமலேயே நாள் ஓடிவிடும். கேட்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்கு வேண்டிய மருந்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே வாங்கிவிடுங்கள், பில் முடிந்து வீடு சேர ராத்திரி பத்தாகிவிட்டால் உங்கள் ஊரில் எந்தக் கடை திறந்திருக்கும்?

பில் என்றதும் இன்ஷூரன்ஸ். கம்பெனி பாலிசியில் அப்பா சேர்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். டிஸ்சார்ஜ் என்று காலை பத்து மணிக்கு டாக்டர் சொல்வார், கிளம்பும்போது விளக்கு வைத்துவிடும். கடைசி அனுமதிக்காகக் காத்திருப்பதுதான் காரணம். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட சுற்றறிக்கைப்படி, ஆஸ்பத்திரி கேட்டு அனுப்பியதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனி டிஸ்சார்ஜ் அனுமதி கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது போட்டால் அது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் செலவு. இழுத்தடித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் வீட்டுக்குப் போன பிறகும் 60 நாளோ 90 நாளோ ஆகும் மருந்து, பரிசோதனைச் செலவைத் திரும்பப் பெறலாம், உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்துக்கொண்டு இன்றிலிருந்தே ஒவ்வொரு பில்லையும் ஒரு கவரில் போட்டுவையுங்கள். ஒரிஜினலைக் கொடுப்பதற்கு முன் ஜெராக்ஸ். சம்மரியையும், ஸ்கேன் படங்களையும் அதன் சிடியையும் வாங்காமல் வராதீர்கள். சம்மரியில் அப்பாவுக்கு வந்தது அடைப்பா, ரத்தக் கசிவா என்பது தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

இனி பயணம். 108 அவசரத்துக்கு, வீட்டில் கொண்டு விடுவதற்கு வராது, தனியார் ஆம்புலன்ஸ்தான் பேச வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆகாரத்தை முடித்துவிடுங்கள், வழியிலும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். யூரின் பையைக் காலி செய்துவிட்டு ஏற்றுங்கள். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது யாராவது அந்தப் பையைத் தூக்கி அப்பாவின் வயிற்றின் மேல் வைப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான், ஆனால் பையில் இருக்கும் மூத்திரம் திரும்ப உள்ளே ஓடும், கிருமியும் கூடவே. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். வீட்டில் கட்டில் சட்டத்தில் ஒரு கொக்கி போட்டு மாட்டுங்கள். டியூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவைத்தால் இழுபடாது. தினமும் டியூப் நுழையும் இடத்தைச் சோப்பும் தண்ணீரும் வைத்துக் கழுவுங்கள். கழுவும்போது முன்தோலைப் பின்னால் தள்ளினால், முடித்ததும் மறக்காமல் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும். வெட்கப்பட்டு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. டியூபை மாற்ற வேண்டிய தேதியைச் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள்.

வார்டை விட்டு இறங்கும் முன் அப்பாவின் இரண்டு கைகளையும், சட்டையை மடக்கிவிட்டு, ஒரு தடவை பாருங்கள். ஊசி போடுவதற்காகக் குத்திய வென்ஃப்ளான் கையிலேயே இருக்கும். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதோடு வீட்டுக்குப் போய், மறுநாள் கை வீங்கிய பிறகு பார்த்துக் கூப்பிட்டவர்கள் உண்டு.

வீட்டுச் சாமானில் முக்கியம் கட்டில். தலைப்பக்கம் தூக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் சர்ஜிக்கல் கடைகளில் மாத வாடகைக்குக் கிடைக்கும். வாங்காதீர்கள், மூன்று மாதத்தில் அப்பாவின் நிலைமை மாறிவிடும். சுவரை ஒட்டிப் போடாமல் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிற மாதிரி போடுங்கள். எனக்கு ஹால்தான் சரியென்று படுகிறது. அறைக்குள் போட்டால் அம்மா அடுப்படிக்கும் அறைக்கும் நடந்தே ஓய்ந்துபோவார்கள், அப்பாவும் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பார். காற்றுப் படுக்கையும் வாடகைக்கு எடுங்கள், கடையில் ஆல்ஃபா பெட் என்று கேட்டால் தருவார்கள். அதன் மோட்டார் எந்நேரமும் ஓட வேண்டும். கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும், அதனால் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். காற்றுப் படுக்கை இருக்கிறதே என்று புரட்டாமல் விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்ற வேண்டும். புட்டம், இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தில் விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மாறவில்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, பாரம் படாமல் வைத்தால் போதும், அன்றைக்கே நர்ஸுக்கோ டாக்டருக்கோ சொல்லுங்கள்.

புரட்டுவதற்கு ஒரு பழைய நூல் சேலை போதும். நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி அப்பாவுக்கு அடியில் விரித்துவையுங்கள். மேலே நகர்த்த வேண்டுமானால் நீங்கள் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், சேலையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்துங்கள். இழுத்தால் தோல் உரியும். இதையும் வார்டிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள். எந்தக் காரணம் கொண்டும் வலது கையைப் பிடித்து அப்பாவைத் தூக்காதீர்கள். தசைக்குப் பலம் இல்லாததால் தோள் மூட்டு இறங்கிவிடும், அப்புறம் அந்த வலி மாதக்கணக்கில் போகாது. சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது இடது கையை முதலில் எடுங்கள்.

அம்மாவால் முடியுமா என்ற கேள்விதான் உங்களை அரிக்கிறது என்று தெரிகிறது. தனியாக முடியாது. புரட்டுவதற்கு மட்டுமாவது இன்னொரு ஆள் வேண்டும். 20 நாள் லீவை முழுசாக ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். முதல் பத்து நாள் நீங்கள் இருங்கள், அடுத்தது வீட்டிலிருந்து வேலை கிடைக்குமா, அக்கம்பக்கத்தில் காலை, மாலை இரண்டு மணி நேரம் வந்துபோக ஒரு ஆள் கிடைப்பாரா என்று இப்போதே தேடுங்கள். ஆகாரம் பெரும்பாலும் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரைக்கும்தான் இருக்கும், நடுராத்திரி கொடுக்க வேண்டியதில்லை. ராத்திரி மிச்சம் புரட்டுவது மட்டும். அதை ஆளுக்கு ஒரு முறையாக வைத்துக்கொண்டால் அம்மாவுக்குச் சேர்ந்தாற்போல நாலு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். முதல் ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது, அதற்குத் தயாராக இருங்கள்.

அரசு தரும் உதவியை விட்டுவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டில் பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. வீடு போய்ச் சேர்ந்த மறுநாளே சம்மரியின் ஜெராக்ஸோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயர் கொடுங்கள். கிராம செவிலியரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். பிசியோ சொல்லும் பயிற்சி முதல் சில மாதங்களில்தான் அதிகம் பலன் கொடுக்கும். புறா ரத்தம் தடவினால் கை, கால் வந்துவிடும் என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். வராது. புறா பாவம், அந்த நேரத்துக்கு அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிவிடுங்கள்.

அப்பா திடீரென்று அழுவார், சம்பந்தமே இல்லாமல் சிரிப்பார். மூளையில் அடிபட்டதால் வருவது அது, நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனால் நாள் முழுக்கச் சோர்ந்து, எதிலும் ஆர்வம் இல்லாமல் கிடந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. பேச்சு வரவில்லை என்றாலும் நீங்கள் பேசுவது புரியலாம். அவரை வைத்துக்கொண்டே "இனி எழுந்திருப்பாரா" என்று யாரையும் கேட்க விடாதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்? புதிதாக வாய் கோணினால், இடது கையும் பலம் குறைந்தால், வலிப்பு வந்தால், கூப்பிட்டுக் கண் திறக்கவில்லை என்றால் 108. மணி என்ன என்று உடனே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். போட முடியாத நிலையாக இருந்தாலும் அந்த மணி டாக்டருக்கு வேண்டும். காய்ச்சலோடு மூச்சு இரைத்தாலும், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பையில் நாலு மணி நேரமாக மூத்திரம் இறங்காமல் அடிவயிறு உப்பினால் முதலில் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் கூட்டிப்போங்கள்.

கிளம்பும்போது அம்மா பழக்க தோஷத்தில் சிஸ்டரிடம் "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். எங்கள் வார்டில் அதற்கு, "வராதீங்க, ரிவ்யூக்கு மட்டும் வாங்க" என்போம். அந்த ரிவ்யூ தேதியில் டாக்டரிடம் விழுங்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், அவர்களாகச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். பல பேருக்குச் சில வாரத்தில் விழுங்கும் சக்தி திரும்பிவிடுகிறது, டியூபையும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அப்பாவின் டவரா செட்டைக் கையோடு எடுத்துப்போக வேண்டாம். ஆரம்பிப்பது எப்படியும் ஸ்பூனில்தான், அதுவும் காபியாக இருக்காது, கெட்டித் தயிராக இருக்கும்.